ஏழு பேர், மூன்று சாவி

முன்பு இது பூட்டுக் கடை.
போர்த்தோவில், ரயில் நிலையத்துக்கு இறங்கும் தெருவில்.
பெயர்ப்பலகையை மாற்றப் பணமில்லை,
இன்றும் பூட்டுக் கடை என்றே எழுதியிருக்கிறது.

வாரத்துக்கு நான்கு பேராவது
சாவியோடு வந்து நிற்கிறார்கள்.
"இங்கே ஓவியம்தான்" என்றால்
சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்து,
"பக்கத்தில் வேறெங்கே வெட்டுவார்கள்?"
வந்துபோனோர் எண்ணிக்கையில்
அவர்களையும் சேர்த்துக்கொள்கிறேன்.
நகராட்சிக்குக் கணக்கு எழுதுவது நான்.

நாங்கள் ஏழு பேர். கதவுக்கு மூன்று சாவி.
பழங்காலப் பூட்டு. அதற்கு நகல் வெட்டத் தெரிந்தவர்
கடையை எங்களுக்கு விட்டுவிட்டு
மகளோடு பிரேசில் போய்விட்டார்.
டெல்மு ஒருமுறை சாவியோடு லிஸ்பனில் இருந்தான்;
மற்ற இரண்டும் எங்கே என்று இன்னும் சண்டை.
திறப்பு விழாவை நடைபாதையில் நடத்தினோம்.
கண்ணாடி வழியே பார்த்தவர்கள்
அதுவும் படைப்பின் பகுதி என்று நினைத்தார்கள்.
மறுக்கவில்லை.

கண்காட்சிக்குக் கண்காட்சி
ஆணித் துளை அடைத்து வெள்ளையடிக்கிறோம்.
நாற்பத்தொரு பூச்சு.
நான்கு சுவரும் எங்களை நோக்கி
நகக்கண் அளவு நகர்ந்திருக்கும்.
வாடகை அப்படி இல்லை, தாவுகிறது.

இந்த முறை ஸுல்மீரா
அவர் விட்டுப்போன பிஸ்கட் டப்பாவைத் திறந்து
யாரும் வாங்க வராத சாவிகளைச்
சுவர் முழுக்கத் தொங்கவிட்டாள்.
நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு டச்சுக்காரர் மொத்தமாக விலை பேசினார்.
ஓரத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியாயிற்று.
ஐந்து மாத வாடகை.

செவ்வாய்க்கிழமை, மழை.
குடையை மடிக்காமலே உள்ளே வந்த ஒருவர்
மடிப்பில் கிழிந்த ரசீதைக் காட்டி
நேராக மூன்றாம் வரிசைக்குப் போய்
"இது என்னுடையது" என்றார்.

கூட்டம் போட்டோம், அவரை நிற்கவைத்தே.
நான்கு கை உயர்ந்தால் தீர்மானம்.
விற்றது விற்றதுதான் என்றான் அனிசேத்து.
அந்த வீடு இன்னும் இருக்கிறதா என்றாள் இவோன்.
"வீடு இல்லை, தபால் பெட்டி" என்றார் அவர்.
கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஸுல்மீரா கை தூக்கவில்லை,
எழுந்து போய்ச் சாவியைக் கழற்றிவிட்டாள்.
அவர் ஒரு யூரோ இருபது கொடுத்தார்.
ரசீதில் பாக்கி அவ்வளவுதான்.

டச்சுக்காரருக்கு நான் எழுத வேண்டும்:
நூற்றுப் பதினொரு சாவி, ஓர் ஆணி.
விலை குறையுமா, கூடுமா?
வரவில் ஒன்று இருபது எழுதிவிட்டேன்,
எந்தத் தலைப்பில் என்றுதான் தெரியவில்லை.

மணி ஒன்பது. பூட்ட வேண்டும்.
டெல்மு போனை எடுக்கவில்லை.