ஒன்று குறைகிறது

செவ்வாய் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை
நிலவறைச் சலவை அறை எனக்கு.
லாங்னாவில் எங்கள் கட்டடத்துச் சட்டம் அது.
உள்ளே உடுப்பு சுழல
இயந்திரத்தின் தலையில் கம்பை வைத்துச் சீவுவேன்.

வில் எப்போதோ முடிந்துவிட்டது.
ஹேசல் மரம். ஒரு கை கொஞ்சம் சோம்பேறி,
இழுத்தால் முனகும், முறியாது.
பெரிய வேலை முடிந்தது என்றிருந்தேன்.
அம்புதான் வேலை என்று அப்போது தெரியாது.

முதல் ஆறும் கடையில் வாங்கிய பைன் தடிகள்.
நார் எப்படி ஓடுகிறது என்று பார்க்காமல்
விலையைப் பார்த்து வாங்கியவை.
ஒன்று நாணிலேயே பிளந்து
பெருவிரலடியில் சிராய் ஏற்றிவிட்டுப் போனது.
எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
செய்ததும் நான், எய்ததும் நான்.
ஊசியும் சுடுதண்ணியுமாக
நோவதற்கு ஒரு கைதான் இருந்தது.

பிறகு காட்டோரத்து இளங்கொம்புகள்.
பட்டை உரித்து இறுக்கிக் கட்டி
கொதிகலன் பக்கத்தில் நாலு மாதம்.
ஒரு கண்ணை மூடிக் கோணலைப் பிடித்து
அடுப்புச் சூட்டில் காட்டி
முழங்காலில் வைத்து அழுத்தவேண்டும்,
ஆறும்வரை விடக்கூடாது.
சில கொம்புகள் நாய்வாலுக்கு நெருங்கிய சொந்தம்.

வேலைசெய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறைத் தராசில்
யாருமில்லாத நேரம் நிறுத்தேன்:
இருபத்தெட்டு கிராம், முப்பத்தொன்று, இருபத்தொன்பது.
சர்க்கரை நோயாளியின் உருளைக்கிழங்குக்குக்கூட
இவ்வளவு மூச்சடக்கியதில்லை.

வாத்து இறகு, லீச்டியின் பண்ணையில் பொறுக்கியது.
மூன்றும் ஒரே பக்கச் சிறகாக இருக்கவேண்டுமாம்.
இடமும் வலமும் கலந்து ஒட்டினேன்;
எந்தப் பக்கம் சுழல்வதென்று
வழியெல்லாம் சண்டை பிடித்துக்கொண்டு போனது
கல்யாணத்துக்குப் புறப்பட்ட குடும்பம்போல.

கைபேசியில் படம் பிடித்து
மெதுவாக ஓட்டிப் பார்த்தேன்.
நாணை விட்டதும் அம்பு
வில்லைச் சுற்றி மீனாய் நெளிகிறது,
அதற்குப் பிறகுதான் நேராகிறது.
இதற்கா இத்தனை நாள் நிமிர்த்தினேன்?

ஒன்பதாவது நன்றாக வந்தது.
குதைக்குக் கீழே பட்டுநூல் பதினாறு சுற்று,
எஃகு முனை,
அழகுக்கு இறகை மஞ்சளில் தோய்த்தேன்.
வைக்கோல் இலக்கின் தலைக்கு மேலே
சத்தமில்லாமல் போய்
லீச்டியின் புல்லுக்குள் இறங்கியது.
ஜூன் மாதம். புல்வெளி முழுக்க மஞ்சள் பூ.

வியாழன் புல் வெட்டு.
எஃகு முனை மாட்டின் வாய்க்குள் போனால்?
இரண்டு மாலை, வெளிச்சம் தீரும்வரை
குனிந்தபடி நடந்தேன்.
ஏப்ரலில் தொலைந்த ஐந்தாவது கிடைத்தது,
மழையில் ஊதி,
இறகை எலி கொண்டுபோய், நூல்மட்டும் மிச்சமாக.
ஒன்பதாவது இல்லை.

போய்ச் சொன்னேன்: ஒன்று குறைகிறது.
லீச்டி கையைக் காற்சட்டையில் துடைத்தார்.
என் மாடு ஒவ்வொன்றின் வயிற்றிலும்
ஒரு காந்தம் கிடக்கிறது, என்றார்.
கிடாரியாக இருக்கும்போதே விழுங்க வைத்துவிடுவோம்.
வேலிக்கம்பி, ஆணி, எல்லாம் அதில் போய் ஒட்டும்.
உன்னுடையதும் ஒட்டும்.
கொஞ்சம் பொறுத்து,
இருந்தாலும் தேடு.

வியாழன் விடிய ஐந்து மணி.
அவர் டிராக்டரில், முன்னால் நான்
தடியால் புல்லை விலக்கிக்கொண்டு.
வேலிக்கு அப்பால் பதினெட்டு மாடுகள்
அசைபோட்டபடி பார்த்தன.
முன்பு எப்போதும் மாட்டின் வயிற்றை
அப்படிப் பார்த்ததில்லை.
இருட்டில் ஒரு காந்தம்,
குறி பார்க்காமலே எனக்காகக் காத்திருக்கிறது.

கிடைக்கவில்லை.
மஞ்சள் வேண்டாம், என்றார் இறங்கி, நீலம் பூசு.

நேற்றிரவு சலவை அறையில் பூசினேன்.
இன்று கதவில் கடதாசி:
என் வெள்ளைத் துவாய் மூன்று நீலமாகிவிட்டன,
யார்?
கீழே திருமதி ரோத்தென்பூலர் கையெழுத்து,
ஒரு வரிகூடக் கோணாமல்.

மாட்டுக்காரரிடம் போனதுபோல்
இரண்டாம் மாடிக்கு
இன்னும் கால் ஏறவில்லை.