குறிப்பில்லாத வரவு

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு
பூம்பாறைப் பூண்டுக் குழுவின் கணக்கில்
முப்பத்தேழாயிரத்து எழுநூற்று நாற்பத்தைந்து ரூபாய்
வந்து உட்கார்ந்தது.
யார் யார் சீட்டுக்கு என்று சொல்லவில்லை.
வடுகபட்டி மண்டி சவடமுத்து அனுப்பியது.
அவர் போன் அணைந்து கிடந்தது.

என் மேசையில் பட்டுவாடா ஆகாத இருபத்து மூன்று சீட்டுகள்,
ஈரத்தில் சுருண்டவை, பூண்டுத்தோல் ஒட்டியவை.
கதவை மஞ்சு தள்ளியது என்று பார்த்தால் செல்லக்காமு.
"என் காசு அதுல இருக்கா தாயி?"

ஒரு சீட்டை எடுக்கலாம், விடலாம்.
இரண்டே வழி.
இரண்டே வழி என்று இருபத்து மூன்று முறை சொல்லிப் பாருங்கள்,
எண்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம்.
ஒன்றொன்றாய்க் கூட்டினால்
அடுத்த பூண்டும் விளைந்துவிடும்.

பெரியதிலிருந்து தொடங்கினேன்.
ஜெபமாலை, பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம்.
தங்கப்பாண்டி, பதினாலாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து.
பொம்மி, ஆறாயிரத்து இருநூற்றுப் பத்து.
இன்னும் ஆயிரத்து இருநூற்று அறுபது வேண்டும்.
அவ்வளவு சின்னச் சீட்டு
மலையில் யாரிடமும் இல்லை.

அப்புறம்தான் கடைசி இலக்கத்தைப் பார்த்தேன்.
எல்லாம் பூஜ்யத்தில் முடிய
இரண்டு மட்டும் ஐந்தில்:
செல்லக்காமு, தங்கப்பாண்டி.
வரவும் ஐந்தில்.
ஆக, இருவரில் ஒருவர் உண்டு.
இருவரும் சேர்ந்து இல்லை.
இருவருக்கும் ஒரே வரப்பு,
நாலு வருஷமாய்ப் பேச்சில்லை.
இதை வாசலில் நிற்பவளிடம் எப்படிச் சொல்ல?
"இருக்கலாம்" என்றேன்.

மின்சாரம் போய், வந்து, போய், வந்தது.
சீட்டுகளை இரண்டாய்ப் பிரித்தேன்,
இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பன்னிரண்டு.
ஒவ்வொரு பக்கமும் தனக்குள் கூடக்கூடிய
எல்லாத் தொகையையும் கணினி வரிசையில் அடுக்கியது.
பிறகு வேலை காட்ரோடு வேலைதான்.
ஒரு பஸ் வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிறது,
ஒன்று கொடைக்கானலிலிருந்து இறங்குகிறது.
இரண்டும் சேர்ந்து குறைந்தால்
ஏறுகிறவன் ஒரு வளைவு ஏறணும்.
மிஞ்சினால்
இறங்குகிறவன் ஒரு வளைவு இறங்கணும்.
சரியாய்ப் பொருந்தும் இடத்தில்,
டம்டம் பாறைக்கு அருகே என்று வையுங்கள்,
இருவரும் ஹாரன் அடித்துக்கொள்வார்கள்.
லட்சங்கள்
ஆறாயிரம் வளைவாய்ச் சுருங்கின.

ஹாரன் கேட்டது.
செல்லக்காமு, குழந்தைவேலு, ஜெபமாலை.
ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபத்தைந்து,
பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது,
பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம்.
காசு பிசகவில்லை.
எழுந்து வாசலுக்குப் போயிருப்பேன்,
மறுபடி ஹாரன்.
தங்கப்பாண்டி, பொம்மி, கருத்தமலை, மாசிலா.
அதுவும் பிசகவில்லை.
மொத்தம் ஏழு முறை அடித்தது.
ஏழும் சரி.
ஒரே ஒரு கேள்வி, ஏழு ஊர்வலம்,
ஒவ்வொன்றும் வேறு ஆட்களைத் தோளில் தூக்கிக்கொண்டு.

சாயங்காலம் சவடமுத்து எடுத்தார்.
"எந்தச் சீட்டுக்குண்ணே?"
"சீட்டா? கல்லாவுல இருந்ததப் போட்டேம்மா.
லாரி வாடகை போக மிச்சம்."

வெகுநேரம் திரையையே பார்த்திருந்தேன்.
ஏழு சரியான விடைகள்,
ஒன்றுகூட நடந்ததில்லை.

புதன்கிழமை
இருபத்து மூன்று பேருக்கும் முன்பணம் என்று பங்கிட்டேன்,
தலைக்கு ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று.
ஜெபமாலை முறைத்தார்.
செல்லக்காமு இரண்டு தரம் எண்ணினாள்,
பின்னால் நின்ற தங்கப்பாண்டியைப் பார்க்காமல்
வழிவிட்டாள்.

மிச்சம் இரண்டு ரூபாய்.
பேரேட்டில் அதற்கு ஒரு வரி போட்டேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
எழுத ஒன்றுமில்லை.