பற்று

செவ்வாயும் வியாழனும், மாலை ஆறிலிருந்து ஒன்பது.
பர்கன்ஹெட் கல்லூரியின் பின்கட்டில்
ஏழாம் இலக்கத் தடுப்பு எனக்கு.
மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் சிவப்பு ரப்பர்த் திரை.
இறைச்சிக்கடை வாசல் மாதிரி இருக்கிறது என்றேன்.
கிர்ஸ்டி சிரிக்கவில்லை.
அவளுக்கு இருபத்தாறு, எனக்கு நாற்பத்து மூன்று.
"காற்சட்டையைச் சப்பாத்துக்கு மேலே இழுத்துவிடு.
பொறி உள்ளே போனால் ஆடத் தொடங்கிவிடுவாய்."

இதற்கு முன் பதினொரு வருடம்
லிவர்பூலில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதினேன்.
அரிசி மூட்டை, உறைந்த பாரை, கார்த்திகைக்குச் சிட்டி விளக்கு.
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.
கடை மூடிய அன்றும் இரண்டு பக்கமும் சரியாகப் பொருந்தின.
முதலாளியிடம்தான் காசில்லை.

முதல் நாள் ஒரு படிவம்.
கண்ணில் கோளாறு? இல்லை.
நெஞ்சுக்குள் கருவி? இல்லை.
நகை?
தாலியைக் கழற்றி இருமல் மிட்டாய் டப்பாவில் போட்டு
பத்தொன்பதாம் பெட்டகத்தில் வைத்தேன்.
குலுக்கிப் பார்த்தேன். சில்லறைச் சத்தம்.

தீக்குச்சி போல உரசு என்றாள்.
உரசினேன். கம்பி தகட்டோடு ஒட்டிக்கொண்டது.
திருகி இழுத்தேன். உரசினேன். ஒட்டிக்கொண்டது.
"அதற்கு உன்னைப் பிடித்துவிட்டது,"
அடுத்த தடுப்பிலிருந்து லிபான்.
ஒன்பதாம் தரமோ பத்தாம் தரமோ
பற்றியது.
பதினொரு வருடம் நான் எழுதிய சொல்.
அதற்குச் சூடு உண்டென்று தெரியாது.

முகமூடிக்குள் பாசி நிற இருட்டு.
அதன் நடுவே மிளகளவு வெளிச்சம்,
வெளிச்சத்தின் பின்னால் ஒரு குளம்,
இரும்பு தண்ணீராய் நிற்கிற குட்டிக் குளம்.
வெளிச்சத்தைப் பார்க்காதே, குளத்தைப் பார்.
நான் ஆறு வாரம் வெளிச்சத்தைத்தான் பார்த்தேன்.

தூரம் சரியென்றால் பன்றிக்கீற்று பொரியும் சத்தம் கேட்கும் என்றாள் கிர்ஸ்டி.
எனக்குக் கேட்டது
கடுகு வெடித்து அடங்கியபின்
வெங்காயம் விழுகிற சத்தம்.
அன்று கசடு தட்டாமலே சுருண்டு எழுந்தது.

வீட்டில் உடுப்புத் தோய்ப்பது சேந்தன்.
சட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து
"ஊத்தை எண்டால் போக்கலாம்,
ஓட்டையை என்னெண்டு போக்கிறது?" என்றான்.

மாசியில் வளைப்புச் சோதனை.
என் தகட்டில் வரி வரியாக, முறுக்கு பிழிந்த ஒழுங்கு.
படமெடுத்து மூன்று பேருக்கு அனுப்பியிருந்தேன்.
அழுத்தியில் வைத்தார்கள். வளைந்தது, வளைந்தது,
பிறகு விறகு முறிகிற மாதிரி ஒன்று.
வெடிப்பை விரித்துக் காட்டினாள் கிர்ஸ்டி.
உள்ளே, வேரில்,
என் அரம் கீறிய கோடுகள் அப்படியே இருந்தன.
நெருப்பு அந்தப் பக்கம் போகவேயில்லை.
"மேலே படுத்திருக்கிறது, அவ்வளவுதான்."
ட்ரெவரின் தகடு, பார்க்கச் சகிக்காது,
லாடம் போல வளைந்து ஒரு கீறலுமில்லாமல் கிடந்தது.
அவன் அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போனான்.

பேருந்தின் மேல்தட்டில் இருந்து
கப்பல் துறையின் பாரந்தூக்கியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.
அதில் எத்தனை மூட்டு, எத்தனை வேர்.
யாரோ ஒருவர் குளத்தைப் பார்த்திருக்கிறார்.

ஞாயிறு, கோழிக்கு வெங்காயம் உரிக்கும்போதுதான்
கை கழுத்துக்குப் போனது.
டப்பா பெட்டகத்தில்.
எதிரே உள்ளி உடைத்துக்கொண்டிருந்தான் சேந்தன்.
"வியாழக்கிழமையே கண்டனான்."
"ஏன் சொல்லேல்ல?"
"நீ அண்டைக்குத் தகடு உடைஞ்ச கவலையில இருந்தாய்."
உள்ளித் தோல் அவன் மடியிலிருந்து பறந்தது.
வெங்காயம் இல்லாவிட்டாலும்
எனக்குக் கண் கலங்கியிருக்கும்.

செவ்வாய்.
இரண்டு தகடு, நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி.
அந்த இடைவெளியை நான் முன்பு விட்டதில்லை,
நெருக்கி வைத்தால்தான் சேரும் என்று நினைத்திருந்தேன்.
இரண்டு முனையிலும் பொட்டு வைத்து,
மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டி,
கையுறையை இழுத்துவிட்டுக் குனிந்தேன்.
முகமூடியை இறக்கக் கை வேண்டாம்.
தலையை ஒருமுறை கீழே வெட்டினால் விழும்,
யாரோ கேட்டதற்கு
ஓம் என்பது போல.