கவலை

கோம்போரிச் சரிவில் பீச் மரங்கள் முடியும் இடத்தில்
பாதை கவர்த்தது.
இடப்பக்கம் ஆற்றுப்படுகை. தண்ணீர் வற்றிய பிறகு
கல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
வலப்பக்கம் மரலாரிகள் உழுதுவிட்டுப் போன செம்மண் தடம்.

"செல்போன் இடது என்கிறது" என்றான் மால்காஸ்.
"செல்போனுக்கு மணிக்கட்டு கிடையாது" என்றாள் சியாலா.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
போன ஞாயிறு சைக்கிளைத் தோளில் சுமந்து
இடுப்பளவு நீரைக் கடந்தது யாரால்,
அதற்கு முந்தைய ஞாயிறு
யார் பாட்டிலை யார் காலி செய்தது,
எல்லாம் வந்தது.

பிரியும் வழிக்குக் கவலை என்று பெயர் பழந்தமிழில்.
வைத்தவர் நிச்சயம்
துணையோடு நடந்தவர்.

அவன் இடது. அவள் வலது.

தனியாகப் போகும்போது சரளையின் பேச்சு கேட்கிறது.
பட்டாணி அளவுக் கல் சளசளக்கும்.
முட்டை அளவுக் கல் டயரைக் கேட்காமலே திருப்பிவிடும்.
மாவுப் புழுதி எதுவும் பேசாது,
அதைத்தான் நம்பக்கூடாது.

வளைவில் ஆட்டு மந்தை. காது வெட்டிய மூன்று நாய்கள்.
இறங்கி, சைக்கிளை நடுவில் வேலியாக நிறுத்தி
மெல்ல நடந்தாள்.
உருளும்வரை எதிரி,
நடந்தால் மனுஷி.
நாய்களுக்குச் சலித்துவிட்டது.

அப்புறம்தான் அந்தக் குச்சி.
விரல் தடிமன்கூட இல்லை.
சக்கரம் வாரி எடுத்து
கியர் மாற்றியை ஆரக்கால்களுக்குள் சொருகியது.
'டக்.' நண்டின் கால் முறிவதுபோல.

சங்கிலியைக் கழற்றி, நாலு கண்ணி குறைத்து
ஒற்றைக் கியரில் வீடு போய்விடலாம்,
செய்திருக்கிறாள்.
அதற்கான சின்னக் கருவி
மால்காஸின் பையில்.

கெட்ட வார்த்தை ஒன்றைக் காட்டுக்குச் சொன்னாள்.
காடு திருப்பிச் சொன்னது.

கீழே பள்ளத்தாக்கு முழுக்க அலசானியின் வெளிச்சம்,
அதற்கு அப்பால் காகசஸ், பாதி பனி பாதி மேகம்.
ஆற்றுப்படுகையில் கூடவே ஊர்ந்துவந்த புழுதிவால்
காணோம்.
ஆரஞ்சுத் தலைக்கவசம் ஒன்று
உதிர்ந்த பழம்போல அசையாமல் கிடந்தது.

எனக்காக நிற்கிறான் என்று நினைத்தாள்.
அந்த நினைப்பு ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது.
பிறகு தன் பையைத் தொட்டுப் பார்த்தாள்.
பம்ப், மாற்று டியூப், நெம்பு தட்டுகள்.
மூன்றும் இங்கே.
சிரிப்பு வந்துவிட்டது.

ஷூ நாடாவால் கியர் மாற்றியைக் கட்டி
இறக்கத்தில் விட்டாள். சமதளத்தில்
ஒரு காலால் தரையை உந்தி உந்தி.
அறுவடை வாரம். திராட்சை லாரிகள் சிந்திய சாறு
சாலை நெடுக. டயர் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது,
ஒட்டிய இடமெல்லாம் சரளை.

கொடிவரிசையிலிருந்து நார்கிசா என்கிற பெண்
கத்தரியோடு நிமிர்ந்தாள்.
"ஓட்டத் தெரியாதா?"
"தெரியும். ஓடாது."
"இதுக்கு எவ்வளவு கொடுத்தே?"
பொய் சொன்னாள், பாதி விலை.
அதற்கே அவள் தோட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரி
"டிராக்டர் டயர் வாங்கியிருக்கலாமே!" என்று கூவிவிட்டு
ஒரு குலை கொடுத்தாள். கருநீலம், வெயிலில் சுட்டது.

இரு வழியும் சேரும் குழாயடியில்
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான் மால்காஸ்.
பின்சக்கரத்தில் கத்திக் கல் போட்ட கிழிசல்,
டயருக்குள் ஊற்றிய பால் பீறிட்டுக் கெண்டைக்காலெல்லாம் வெள்ளை.

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
பணயக்கைதிகளை மாற்றிக்கொள்வதுபோல
கருவி இந்தப் பக்கம், பம்ப் அந்தப் பக்கம்.
இடையில் குலை.

"எந்த வழி?" என்றான், செல்போனை எடுக்காமல்.
"ஒரே கியர்தான் இருக்கு.
அது எதைச் சொல்லுதோ அது."

அது தார்ச்சாலையைச் சொன்னது.
தெலாவிவரை பத்தொன்பது கிலோமீட்டர்,
லாரிப் புகையில், ஒருவர் பின் ஒருவர்.
காற்று எதிர்த்தபோது அவன் முன்னால் வந்தான்.

ராத்திரி பையைக் கொட்டினாள்.
சங்கிலிக் கருவி இங்கேயே இருக்கிறது.
பம்ப் அவனிடம்.

போன் செய்து சொல்லவில்லை.
அவனும்.