சரக்குச் சீட்டு

ஞாயிற்றுக்கிழமை நூதனசாலையில்
காலியிலிருந்து வந்த கல்லின் முன் நிற்கிறோம்.
கடலை மூடிய மண்ணில் எழும் கட்டடத்துக்கு
சீமெந்துக் கணக்கு எழுதும் நான்,
நிலம் அளக்கும் லியூ.
எங்களுக்குப் பொதுவாயிருப்பது ஓட்டைச் சிங்களம்.

வலப்பக்கம் அவனுடையது.
இடப்பக்க மேல்பாதி என்னுடையது.
கீழே பாரசீகம், அதற்கு அன்று ஆளில்லை.

தேய்ந்த எழுத்தைக் கண்ணால் தடவினேன்:
பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய்,
பெருமாளுக்கு வந்த சரக்கு.
ஏறக்குறைய அதே சரக்கு
அவன் பக்கத்தில் புத்தருக்கு.
"பெற்றுக்கொண்டவர் ஒப்பம் இல்லையே" என்றேன்.
தொழில் புத்தி.

"அனுப்பியவன் மகன்" என்றான் லியூ.
"தகப்பன், மிங் வம்சத்தின் முதல்வன்.
ஒரு பலகையும் கடலில் இறங்கக்கூடாது என்றவன்.
அவன் ஊர்தான் என் ஊரும்."

வெளியே ஆலமர நிழலில்
பிளேன்டீ ஆறும்வரை சொன்னான்:
மழை பொய்த்த வருடம். கொள்ளைநோய்.
அப்பா, அண்ணன், அம்மா,
ஒரே மாதத்துக்குள்.
புதைக்கச் சாணளவு நிலமில்லை.
அயலவன் ஒரு துண்டு கொடுத்தான்.
பையன் மடத்துக்குப் போனான்.
ஐம்பது நாளில் மடத்திலும் அரிசி முடிந்தது.
பிறகு மூன்று வருடம்
வாசல் வாசலாகத் திருவோடு.

"பிறகு?"
"சிவப்புத் தலைப்பாகை. போர். நான்ஜிங். அரியணை."
ஒரு மாலுபானைத் தின்று முடிக்கும் நேரம்கூட
அதற்கு அவன் எடுக்கவில்லை.

பசித்தவன் அரசனானால் எதை நம்புவான்?
வீடுகளை எண்ணினான். வயல்களை எண்ணினான்.
நகர்மதிலின் செங்கல்லில்
சுட்டவன் பெயரையும் ஊரையும் பதிக்கச் சொன்னான்.
உடைந்தால் யார் தலை என்று தெரியவேண்டும்.
வெற்றுத்தாளில் முன்கூட்டியே முத்திரை குத்திய
அதிகாரிகளைக் கொன்றான்.

தேநீர் எனக்கு இறங்கவில்லை.
என் மேசை இழுப்பறையில் பதினொரு வெற்றுச் சீட்டுகள்,
பெரியவர் முன்கூட்டியே ஒப்பம் வைத்தவை.

லியூ சிரித்தான்.
"அந்தப் பயத்தால்தான்
செங்கல் சுட்டவன் பெயர் இன்னும் இருக்கிறது.
ஆனால் கேள்,
எங்கள் பையன் அரசனான பிறகும்
எங்கள் ஊர் பிச்சைக்குப் போவதை நிறுத்தவில்லை.
பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனோம்.
என் தாத்தாவின் தாத்தாவும் போனார்."

அந்தக் கல்லும்
காலியில் ஒரு மதகின் மூடியாய்க் கிடந்ததுதான்.
மூன்று மொழியும் கீழ்நோக்கி.
மேலே மாட்டுவண்டி,
கீழே சாக்கடை,
நடுவில் சக்கரவர்த்தியின் அன்பளிப்பு.

திங்கள் காலை பத்துச் சீட்டைக் கிழித்தேன்.
புதிதாய் வந்த லொறிக்கு மூட்டைகளை நானே எண்ணினேன்,
முந்நூற்றுப் பன்னிரண்டு, எட்டுக் குறைவு.
பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில்
வழக்கமான கிறுக்கலை விட்டுவிட்டு
சந்தியாப்பிள்ளை அலோசியஸ், மன்னார்
என்று முழுதாக, தமிழில் எழுதினேன்.
சாரதி தலைகீழாய்த் திருப்பிப் பார்த்தான்.

பதினோராவது சீட்டு
இன்னும் இழுப்பறையில் இருக்கிறது.
வெள்ளி இரவு
பெரியவரின் லொறி வரும்.