அளவுப் பெட்டி

விதிப்புத்தகம் சொல்கிறது:
ஸ்போர்ட்ஸ் கார் எனப்படுவது
இரண்டு இருக்கை உடையது.
இரண்டாவதில் ஒருவரும் இருக்கப்போவதில்லை,
ஆனாலும் அது வேண்டும்,
முதலாவதின் அதே அகலத்தில்.

இரண்டு கதவு. சில்லை மூடிய மட்காட்.
பகலில் மட்டும் ஓடினாலும் எரியும் விளக்கு.
கழற்றாமலே பழசாகப்போகும்
ஒரு ஸ்பெயார் சில்லு.
பிறகு, பந்தி ஒன்பது:
பயணப்பெட்டி ஒன்று வைக்க இடம்.
நீளம் அறுபத்தைந்து, அகலம் நாற்பது, உயரம் இருபது.
எங்கே பயணம் என்று
பந்தி ஒன்பது கேட்கவில்லை.

மூன்று இரவு இருந்து இதைத் தமிழாக்கினேன்,
பரந்தனில் கரண்ட் நின்று நின்று வந்த கிழமை.
'ப்ரோட்டோடைப்' என்ற சொல்லுக்கு
அகராதி முன்மாதிரி என்றது.
எங்கள் பள்ளிக்கூடத்தில்
நகம் வெட்டி வருகிற பிள்ளைகளுக்குக் கொடுத்த சொல்.

அறுவடை முடிந்த வயலில் பந்தயம்.
தராசு அரிசி ஆலையில் இரவல்.
ஒன்பது வண்டி.
வவுனியாவிலிருந்து வந்தவை
முறிகண்டியில் தேங்காய் உடைத்துவிட்டு வந்திருந்தன;
இரண்டாவது இருக்கைகளின் கீழே கச்சான் கோது.
அதற்கு விதியில் தடை இல்லை.

ஒன்பதாவது பிலேந்திரனுடையது.
விசுவமடுவில் வெல்டிங் கடை.
இடது கதவு மொறிஸ் மைனர், வலது ஏதோ வான்,
முன்கண்ணாடி ஆட்டோவினுடையது.
எஞ்சின் ஒஸ்ரின், ஏ-ஃபோர்ட்டி;
பெற்றோல் இல்லாத காலத்தில்
மண்ணெண்ணெய் குடித்துப் பழகியது,
இப்பவும் காலையில் இருமும்.

உற்பத்தி ஆண்டு, என்றேன்.
எந்தத் துண்டுக்கு மிஸ், என்றான்.
படிவத்தில் ஒரு கட்டம்தான்.

எடை பதின்மூன்று கிலோ குறைவு.
ஆலைக்காரர் நெல் மூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
விதி விடாது: பாரம் ஈயமாக வேண்டும்,
ஆணி முறுக்கிப் பூட்டியதாக.
ஈயமோ, என்று நின்றவர்கள் சிரித்தார்கள்.
இந்த மண்ணில் அதற்குப் பஞ்சமா,
தோண்டத்தான் யோசனை.
கடைசியில் பழைய பற்றரி இரண்டை உடைத்தான்.

"இரண்டாம் வகுப்பு எண்டால்
பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரே மாதிரி
இருபத்தைந்து செய்திருக்க வேணும்."
புத்தகத்தை அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.
அவன் கிழக்கே பார்த்தான்.
"கடற்கரைப் பக்கம் கிடந்ததே மிஸ்,
பஸ், கார், ட்ரக்டர் எல்லாம்
ஒரே மாதிரி, ஒரே நிறம்.
பன்னிரண்டு மாதம்கூட எடுக்கேல்லை."

கறள் என்ற சொல்லை அவன் சொல்லவில்லை.
நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

அளவுப்பெட்டி செய்யச் சங்கத்தில் காசில்லை.
முதல்நாள் இரவு
அலுமாரிக்கு மேலே கிடந்த சூட்கேசை இறக்கி
நாடாவை வைத்தேன்:
அறுபத்தைந்து, நாற்பது, இருபது.
எந்த நாட்டில் இருந்து எழுதினாலும்
ஓர் ஆள் தூக்கிக்கொண்டு ஓடக்கூடியது
அவ்வளவுதான் போலிருக்கிறது.

எட்டு வண்டிக்குள்ளும் அது போய் வந்தது.
பிலேந்திரனின் பின்தகரத்தில் கைப்பிடி இடித்தது.
சுத்தியலை எடுத்து
உள்ளிருந்து ஒரு பள்ளம் தட்டினான்,
கைப்பிடி அளவுக்கு மட்டும்.
மூடி பூட்டியது.

கொடி விழுந்தபோது
பெட்டியை எடுக்க இருவரும் மறந்திருந்தோம்.
ஆறு சுற்று.
வரம்பு வெட்டிய ஒவ்வொரு இடத்திலும்
அது உள்ளே துள்ளுவது
எஞ்சினை மீறி எனக்குக் கேட்டது.

ஏழாவதாக வந்தான்.
புழுதியைச் சாரத்தால் துடைத்துத் தந்தான்.
"உள்ளுக்கு உடையிற சாமான் ஏதும் இருந்ததோ?"
இல்லை, என்றேன்.
இருந்தும் ஒருமுறை குலுக்கிப் பார்த்தான்.

படிவத்தில்,
வகுப்பு: முன்மாதிரி.
செய்யப்பட்ட எண்ணிக்கை: ஒன்று.
பெட்டி: கொள்ளும்.