இடது கால்

ராத்திரி இரண்டரை மணிக்கு
மண்டப மேடையைக் கழற்றி
மினி லாரியில் ஏற்றிய பிறகு
எக்ஸெலின் முன்பக்கம் மூட்டையாய்க் கட்டி
எடுத்துவருவான் தேசிங்கு
யாரோ இருவர் கல்யாணத்தில் மிச்சமான பூக்களை.

அவர்கள் பெயர் தெர்மாக்கோலில் இருந்தது.
அதைக் கொண்டுவருவதில்லை.

சலவன்பேட்டை மலையடியில்
எங்களுக்கு ஒரு மாடி அறை, ஒரு சன்னல்.
பகலெல்லாம் பாறை குடித்த வெயிலை
விடியும்வரை எங்கள் சுவரில் துப்பும்.
மே மாதத்தில் மத்தியானச் சோறு
சாயங்காலத்துக்குள் ஊசிப்போகிற ஊரில்
ஓசூர்ப் பூவுக்கு என்ன ஆயுசு.

முதல் தடவை என்னிடம் ஜாடி இல்லை.
பரண்மேல் கிடந்த குவார்ட்டர் பாட்டிலைக்
கழுவிக் கழுவி லேபிளைச் சுரண்டினேன்.
தங்க நிறத்தில் ஒரு ஓரம் மட்டும் போகவில்லை.
அதில் ஒரு கார்னேஷன் நின்றது,
குடியை விட்டு பதினான்கு மாதமான வீட்டில்
சாட்சி சொல்ல வந்ததுபோல்.
தேசிங்கு பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் தண்ணீரை அவனே மாற்றியிருந்தான்.

கீழ்வீட்டு நவநீதம் எட்டிப் பார்த்தாள்.
"பூவ தலைல வெப்பாங்க, சாமிக்கு வெப்பாங்க.
தண்ணில நிக்கவெச்சி
இன்னாத்துக்குப் பாத்துக்கினு குந்திக்கினுகீற?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
நகர்ந்து இடம் விட்டேன்.
அவளும் உட்கார்ந்தாள்.

பிறகு கை துணிந்தது.
பணியாரச் சட்டியின் ஏழு குழியிலும்
காம்பொடிந்த ரோஜாக்கள் மிதந்தன.
(ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடத்தைக் காலி செய்யும்.)
இருமல் டானிக் பாட்டில்கள் நாலைந்தைக்
கழுத்தில் கம்பி சுற்றி
சன்னலில் தொங்கவிட்டேன்,
காற்று வந்தால் ஒன்றையொன்று தட்டிப் பேசட்டும் என்று.
காற்று வரவில்லை.
டிபன் கேரியரின் மேல் அடுக்கில்
சாமந்தியை நெருக்கி அடைத்து மூடிவைத்து
சாப்பிடுகிறபோது திறந்தோம்.
அன்றைக்கு ரசம் மட்டும்தான்.

தேசிங்குக்கு இந்த வித்தையெல்லாம் தெரியும்:
காம்பைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக நறுக்கணும்.
மூழ்குகிற இலையைக் கிள்ளிவிடணும், நாறும்.
ஜெர்பராவுக்குக் கழுத்தில் எலும்பு கிடையாது,
கூல்டிரிங்ஸ் ஸ்ட்ராவுக்குள் விட்டால் நிமிர்ந்து நிற்கும்.
"ஒன்பது மணி நேரம் மெஷின்கிட்ட நிக்கறேனே,
எனக்கு எந்த ஸ்ட்ரா?" என்றேன்.
சிரித்துக்கொண்டே என் பாதத்தை இழுத்து
மடியில் வைத்துக்கொண்டான்.

ராணிப்பேட்டை கம்பெனியில்
அந்த வாரம் ஒரு ஷூ ரிஜெக்ட்.
குதிகாலில் மூன்று தையல் தாண்டியிருந்தது.
தாண்டினது என் கைதான்.
ஜோடியாய் வெளியே போனால் திருட்டு,
ஒற்றை என்றால் குப்பை;
கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு
ஒற்றையை எடுத்துவந்தேன்.
கறுப்பு. நாற்பத்திரண்டாம் நம்பர். இடது கால்.

உள்ளே எவர்சில்வர் டம்ளர்,
டம்ளரில் ஒரே ஒரு மஞ்சள் ஜெர்பரா.
வாசலை ஒட்டி வைத்தேன்.
நவநீதம் வாயில் கை வைத்தாள்.
"வலது கால வெச்சி வானு கூப்பிடுவாங்க.
உன் ஊட்டுக்கு
லட்சுமி இடது கால்ல வர்றாளா?"
வரட்டும், என்றேன்.
எந்தக் காலில் வந்தாலும் வரட்டும்.

காவிரித் தண்ணீர் வந்து பதினோரு நாள்.
குடத்தைச் சாய்த்தால் ஒரு சொம்புகூட இல்லை.
மூன்று மணிக்கு வந்தான் தேசிங்கு,
உடம்பெல்லாம் ஜிகினா, உதடு வெடித்து.
கொடுத்ததில் பாதியைக் குடித்தான்.
மீதியோடு வாசல் பக்கம் போனான்.
இருட்டில் டம்ளரில் நீர் விழும் சத்தம்
மெல்லிசாய்க் கேட்டது.
திரும்பி வருவான் என்று பார்த்தேன்.
வரவில்லை.
குனிந்து உட்கார்ந்து
அவிழ்ந்து கிடந்த லேஸை
இரட்டை முடிச்சாகக் கட்டிக்கொண்டிருந்தான்.